ஏற்றுமதி

ராயக்கோட்டையில் தக்காளி
கிலோ நாலு ரூபாய்க்கு இறங்கிய வாரம்
மொட்டைமாடி வெயில் மட்டும்
பேரம் பேசாமல் போனது.
கமிஷன் இல்லை, கூடை வாடகை இல்லை.
மீட்டரில் ‘ஏற்றுமதி’ என்று ஓர் எண்:
நூற்றுப் பதினேழு.
ஏற்றுமதிக்காரி என்று என்னை நானே
இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

இன்று பதினொன்றரைக்கு கரண்ட் போனது.
கொளுத்தும் வெயில், ஆறு பலகை,
மிக்ஸியில் பாதி அரைபட்ட சட்னி.
“வெயிலை விக்கிறவளுக்கே கரண்ட் இல்லையா?”
எதிர்வீட்டு முனிலட்சுமி சிரிக்கிறாள்.

பலகை மாட்ட வந்த பையன்
அன்றே சொன்னான்:
லைன் நின்றால் இதுவும் நிற்கும்க்கா,
இல்லாட்டி கம்பியில் கைவைத்தவனுக்கு
உங்க வெயிலே எமன்.

தெருமுனைக் கம்பத்தில் மாதப்பன்,
வெறுங்கையால் முறுக்குகிறார்.
என் கூரை மூச்சுவிடவில்லை.

இறங்கி வரட்டும்.
சட்னிக்கு என்ன அவசரம்.