விலகும் காரணம்

மாற்றுச் சான்றிதழில் ஒன்பதாவது கட்டம்
விலகும் காரணம்.
ஒரு விரல் அகலம்தான் இடம் விட்டிருந்தார்கள்.
எழுத்தர் ஆரோக்கியசாமி பேனா மூடியைக் கடித்தபடி
என்னம்மா போட, என்றார்.
வீட்டிலேயே படிக்கப் போறாங்க.
அப்படி ஒரு காரணம் கிடையாதேம்மா, என்று
அவராகவே எழுதினார்:
வெளியூர் மாற்றம்.

அன்றிலிருந்து புதுவயலில் நாங்கள் இல்லை.
இல்லாத ஊரின் ரேஷனில்
பாமாயில் வாங்குகிறோம்.
கொடியில் காயும் சட்டைகளிலிருந்து
ஆலைகளின் உமிச்சாம்பலைத் தட்டிவிடுகிறோம்.
எட்டு நாற்பதுக்கு மஞ்சள் வேன்
வாசலில் வேகம் குறைத்து ஒருமுறை ஹாரன் அடிக்கும்.
பழக்கதோஷம்மா, என்றார் டிரைவர்.
அடுத்த வாரம் அடிக்காமல் போனார்.
அன்றுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன்.
கொழுந்தனாருக்குக் கட்டணம்.
காரைக்குடிக் கல்யாணத்தில்
இலைக்கு எதிர் இலையில் இருந்தவளுக்கு
ஏதோ புதுப் பாடத்திட்டம்.
ஈப்போவிலிருந்து இரவில் பேசும் இவரிடம்கூட
முழுதாகச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
அடுப்படி நிலையில் வந்து நின்றான் சாத்தப்பன்.
ஏழு வயது.
கட்டைவிரலை வாய்க்கு நேரே உயர்த்தி
தண்ணி குடிக்கலாமா மிஸ், என்றான்.
மிஸ் என்றதற்கு அவனே சிரித்தான்.
நானும் சிரிக்கக் காத்திருந்தான்.
விரலை மட்டும் இறக்கவில்லை.
குடம்
அவனுக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது.

இதை ஒரு விரல் அகலத்தில் எப்படி எழுத?

நான் பெரிய படிப்பாளி இல்லை.
பி.காமில் இரண்டு அரியர் இன்னும் அப்படியே கிடக்கிறது.
பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும்போது
எதுக்கும்மா தலைகீழாத் திருப்பணும், என்றாள் உண்ணாமலை.
பள்ளிக்காலம் முழுக்கத் திருப்பியிருக்கிறேன்.
தெரியாதே, என்றேன்.
தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்:
அம்மாவுக்குத் தெரியாதவை. ஒன்று.
இப்போது நாற்பத்திரண்டில் நிற்கிறது.
முதலாவதை மட்டும் அடித்தாயிற்று,
முக்கால் படி அரிசியைக்
கால்படியால் மூன்றுதரம் அளந்து கொட்டிய மதியத்தில்.
அரிசியில் பாதி தரையில்.

வெள்ளிக்கிழமை ஊருணிக்குப் போய்ப் படி எண்ணுவார்கள்.
ஆடியில் பதினான்கு தெரிந்தது.
ஐப்பசி அடைமழைக்கு அப்புறம் ஐந்து.
வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.
கோடு இறங்கினால் தண்ணீர் ஏறியது என்று அர்த்தம்.
வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு
ஐயோ பாவம், குறைஞ்சுக்கிட்டே போகுதே, என்கிறார்கள்.

நன்றாகத்தான் போகிறது என்று எழுத வந்தால் கை நிற்கிறது.
விளையாட்டு விழா அன்று
பள்ளிக்கூடத்து மைக் எங்கள் மாடிவரை கேட்டது.
நூறு மீட்டரில் முதலாவதாக வந்தது யாரென்று சொன்னார்கள்.
சாத்தப்பன் பக்கத்தில் உட்கார்ந்து
பென்சில் சீவித்தருகிற பையன்.
மாடியில் தனியாக நின்று இவன் கைதட்டினான்,
மற்ற எல்லாரும் நிறுத்திய பிறகும்.

அதற்கு என்னிடம் பாடம் இல்லை.
உண்ணாமலையின் நோட்டிலும் அதை அவள் எழுதவில்லை.

நேற்று அவளுக்குக் காய்ச்சல்.
மாவுச் சட்டிக்கு அடியில் செருகிய தாள்.
அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறையாக.
பெறுநர்: அம்மா, அடுப்படி, புதுவயல்.
மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,
எனக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும்.
ஒன்று காய்ச்சலுக்கு.
மற்றதற்குக் காரணம் எழுத இடம் விட்டிருக்கிறேன்,
தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.

விரலை வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு விரல்.
அதை அப்படியே விட்டுவிட்டு
கீழே கையெழுத்துப் போட்டேன்.