நாள் / மாதம் / ஆண்டு

பெட்டி ஒன்றுதான். பத்து எழுத்து நீளம்.
இரண்டு எண் அடித்ததும் சாய்கோடு தானாக விழவேண்டும்,
அழிக்கும்போது தானாகப் போகவேண்டும்.
அந்தப் போவதற்குத்தான்
எனக்கு மூன்று நாள் போனது.
அழி விசையை அமத்தினால் கோடு போகும்,
போன கையோடு திரும்பி வந்து குந்தும்,
வெள்ளவத்தை மீன்கடையில் கலைத்துவிட்ட காகம் மாதிரி.

கொள்ளுப்பிட்டியில் ஐந்தாம் மாடி.
கடலோர ரயில் போகும்போது
மேசையில் தேத்தண்ணி லேசாய் நடுங்கும்.
நாங்கள் செய்வது பொரளையில் ஒரு கிளினிக்குக்கான செயலி.

முதல் பதிப்பில் அந்தப் பெட்டிக்குக் கதவில்லை.
யாரும் எதையும் எழுதலாம்.
எழுதினார்கள்.

03/04 என்று வந்த ஒருத்தி,
கொட்டாஞ்சேனை,
ஏப்ரல் மூன்றுக்கு உரியவள்
மார்ச் நாலாந் திகதி விடிய ஆறுமணிக்கு
வெறும் வயிற்றோடு வந்து
இரத்தம் எடுக்கச் சொல்லி நின்றாள்.
அன்றைக்குத்தான் நிலந்த என் கதிரைக்குப் பின்னால் வந்து
பூட்டுப் போடு என்றான்.

பூட்டு முன்பு கொஞ்சம் கணக்கு.
அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த நாளை எடுக்கலாம்:
பெண்ணென்றால் ஐந்நூறைக் கழி,
மிச்சம் வருடத்தின் எத்தனையாம் நாள்.
என்னுடையது 573. எழுபத்துமூன்றாம் நாள்.
மார்ச் பதினான்கு என்றது என் நிரல்.
அட்டைக்கோ எல்லாப் பெப்ரவரிக்கும் இருபத்தொன்பது நாள்,
லீப் ஆண்டோ இல்லையோ.
அதைக் கண்டுபிடிக்கும் வரை
நான் ஒரு நாள் பிந்திப் பிறந்தவளாய்த் திரிந்தேன்.
யாரும் கவனிக்கவில்லை, அம்மாவைத் தவிர
(அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது).

பூட்டு முதல் இரவு
நிராகரிக்க வேண்டியவற்றைப் பட்டியல் எடுத்தேன்.

வெசாக்குக்குக் கிட்ட.
பெரிய வெள்ளிக்கு முதல் நாள், வருசம் 61 இல்லாட்டி 62.
நோன்பு இருபத்தேழு.
தோட்டத்து டிஸ்பென்சரி எரிஞ்ச வருசம்.
தெரியாது.
தெரியாது.
தெரியாது சேர்.

ஒரு பெட்டியை சேர் என்று கூப்பிட்டிருக்கிறார்.
அந்த வரியை அழிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இப்போது எண்கள் மட்டும்.
விசைப்பலகையே எண் பலகைதான்.
மாதம் பதின்மூன்று என்றால் சிவப்பு,
நாளைக்குப் பிறக்கப்போகிறவருக்கும் சிவப்பு.
பர்ஸானா 29/02/1900 என்று அடித்துப் பார்த்து
சிவப்பு வந்ததும் கைதட்டினாள்:
அடேய், இது கெட்டிக்காரப் பெட்டி.
நிலந்த எல்லாருக்கும் ஃபலூடா வாங்கித் தந்தான்.

ஆறு மாதம் கழித்து எதற்கோ தரவுகளைப் புரட்டினேன்.
பிழை ஒன்றும் இல்லை.
எல்லா வரியும் பத்து எழுத்து,
எல்லாச் சாய்கோடும் அதனதன் இடத்தில்.
ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்கள் மட்டும்
நானூற்றுப் பதினேழு பேர்.

01/01/1961.
01/01/1958.
01/01/1958.

வாசலில் காவல் வைத்தது நான்தான்.
நாள் வேண்டும் என்றேன், தந்தார்கள்.
உண்மையா என்று நான் கேட்கவில்லை,
வடிவத்தைத்தான் கேட்டேன்.

'நாள் தெரியாது' என்று ஒரு சின்னக் கட்டம் வைப்போம் என்று
நிலந்தவுக்கு எழுதினேன்.
அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றான்.
அது நவம்பர்.

புத்தாண்டு இரவு.
காலிமுகத்திடல் பக்கம் வாணம் வெடிக்கிறது.
பன்னிரண்டு அடித்ததும்
எங்கள் செயலி தன் பாட்டில்
நானூற்றுப் பதினேழு பேருக்குப்
பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது.
அதை நிறுத்த நான் மறந்துபோனேன்.

பதில் அனுப்ப முடியாத எண் என்றுதான் அடியில் போட்டிருக்கிறோம்.
என்றாலும் காலையில் ஒரு பதில் கிடந்தது,
எப்படியோ:

இண்டைக்கா?
சரி, இருக்கட்டும்.