பக்க மொட்டு

ஜூலையில் வெட்டவேண்டும் என்றார்கள்.
சாலிஸ்பரியில் ஜூலை என்பது
காலை ஆறரைக்கு பஸ் கண்ணாடியில் சுரண்டும் பனி.
பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து
சீருடை மாற்றாமலே
ஐந்து றோசாச் செடிகளுக்கு முன்னால் நின்றேன்,
கையில் புதுக் கத்தரிக்கோல்.
பின்சீற்றில் எவனோ விட்டுப்போன கையுறை
ஒன்று கிடைத்தது.
ஒன்றுதான்.
மற்றக் கை முள்ளுக்கு.

வெளிப்பக்கம் பார்க்கிற கண்ணுக்கு மேலே
கால் அங்குலம் விட்டு, சாய்த்து.
உள்ளே பார்க்கிற கண்ணை விடக்கூடாது,
அது வளர்ந்து மற்றதைக் கீறும்,
நடுவில் காற்றுப் போகாது,
இலையெல்லாம் கரும்புள்ளி.
சொன்னது உரக்கடைப் பெடியன்.
அந்த வருஷம் எங்கள் வீட்டில்
நாங்கள் இருந்த இருப்பை
அவன் எங்கேயோ பார்த்திருக்க வேண்டும்.

முழங்கால் உயரத்தில் ஐந்து கட்டுக் குச்சி.
“கொண்டு போட்டியோ?” என்றார் தயாபரன்
குசினி ஜன்னலுக்குள்ளால்.
நான் பேசவில்லை.
எனக்கும் தெரியாது.

செப்டெம்பரில் குச்சி சிவந்தது.
பச்சையாக வரும் என்றிருந்தேன்,
செம்பு நிறத்தில், எண்ணெய் தடவிய மாதிரி
இலை வந்தது.
ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு தடி மட்டும்
வெளிறின பச்சையாய் விறுவிறென்று எழும்பியது.
அது அடிவேரின் சொந்தப் பிள்ளையாம்.
வெட்டினால் திரும்ப வரும்,
பிடுங்கத்தான் வேண்டுமாம்.
பிடுங்கினேன்.
யோசிக்க நேரமில்லை,
மூன்று மணிக்கு பஸ் எடுக்கவேண்டும்.

அசுவினிக்குச் சவர்க்காரத் தண்ணி.
பொசத்துக்கு ஒன்றும் சரிவரவில்லை,
வேலியால் நடந்து வந்து
நாலு மொட்டைச் சாப்பிட்டுவிட்டு
கூரையில் படுத்து இருமியது.

மிஞ்சினது இந்தத் தண்டு.
ஒரு முழ நீளம்.
உச்சியில் ஒரு மொட்டு,
அதன் தோளோடு ஒட்டி இரண்டு சின்னன்.
ஹைபிரிட் டீ என்றால் ஒரு தண்டுக்கு ஒரு பூ.
பக்க மொட்டைப் பயறளவில் கிள்ளிவிட்டால்
நடுவில் உள்ளது கோப்பை போல விரியும்.
ஒக்டோபர் கண்காட்சிக்கு அதுதான் சட்டம்.

பெருவிரலும் சுட்டுவிரலும் போயின.
தொட்டும் விட்டன.
சரியான குளிராக இருந்தது அது.
நாளைக்குக் கிள்ளுவம்.
நாளைக்கு நாளைக்கென்று
ஒன்பது நாள்.

நகர மண்டபத்தில் மண்ணிறப் போத்தல்கள் வரிசையாக.
நடுவர் அம்மா குனிந்தா, நிமிர்ந்தா,
அட்டையில் எழுதினா:
வடிவம் நன்று. நிறம் நன்று.
பக்க மொட்டுகள் அகற்றப்படவில்லை.
முதற்பரிசுப் பூவை எட்டிப் பார்த்தேன்.
பிழை சொல்ல ஒன்றுமில்லை.
கழுத்துக்குக் கீழே இரண்டு இடத்தில்
நகக்குறி அளவு தழும்பு,
எப்பவோ ஆறிப்போயிருந்தது.

“கிள்ளியிருந்தால் கிடைச்சிருக்கும்.”
“ஓம்.”
வேறொன்றும் பேசாமல்
முழங்கால்களுக்கு நடுவில் போத்தலை வைத்து
ஒவ்வொரு சுற்றுவட்டத்திலும்
அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சரித்துச் சரித்து
ஒரு சொட்டுத் தண்ணி சிந்தாமல்
வீடு வரைக்கும் கொண்டுவந்தார் தயாபரன்.

திங்கட்கிழமை பெரிய பூ உதிர்ந்தது.
இதழை அவர் கூட்டித் தள்ளவில்லை,
சீனிக்குள் புதைத்து
போத்தலை வெயில் படும் இடத்தில் வைத்தார்.
எங்கே படித்தார் என்று நானும் கேட்கவில்லை.
வியாழன் காலை
பக்க மொட்டில் ஒன்று விரிந்தது,
தேசிக்காய் அளவு, வாசம் மட்டும் முழு அளவு.
மற்றது விரியாமலே கழுத்து மடிந்தது.

ஐந்திலை உள்ள இணுக்கு வரை எண்ணி
செடியில் மிச்சத்தைத் தறித்தேன்.
கோடைக்கு இன்னொரு சுற்று பூக்குமாம்.
கையுறையை இன்னும் ஒருவரும் தேடி வரவில்லை.