எந்தப் பாசி

பச்சை இலை ஒன்று படத்தின் மூலையில்.
அதைத் தொட்டால் ஒரு வரி விரிகிறது:
'கடற்பாசி நார், நான்கு விழுக்காடு.'

வல்லம் கரைசேர நேரமிருந்தது.
முழங்காலில் பாறை கிழித்த இடம் எரிய
அந்த வரியையே மூன்று முறை படித்தேன்.
பாசி என்றால் எந்தப் பாசி?
மரிக்கொழுந்தா, கஞ்சிப்பாசியா,
முன்பு காலால் ஒதுக்கிவிட்டு
இப்போது மூட்டை கட்டும் கட்டக்கோரையா?
ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது எங்களிடம்.
எழுதவில்லை.

'பொறுப்புடன் பறிக்கப்பட்டது' என்று இருந்தது.
ஜெசிந்தாவிடம் காட்டினேன்.
விரலில் சுற்றிய துணியைப் பல்லால் அவிழ்த்தபடி
'யாரு பறிச்சது?' என்றாள்.
கீழே, இன்னும் கீழே தள்ளினேன்.
துவைக்கும் முறை வந்தது. ஆள் வரவில்லை.

'இந்தச் சட்டை மிச்சப்படுத்திய நன்னீர்
ஆயிரத்து எண்ணூறு லிட்டர்.'
சின்னப்பாலத்தில் குடம் பத்து ரூபாய்.
குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால்
நூற்றிருபது குடம், ஆயிரத்து இருநூறு ரூபாய்த் தண்ணீர்.
சட்டை விலை ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
'ஒரு ரூவா லாபம்டீ' என்று ஜெசிந்தா சிரித்ததில்
வல்லம் ஆடியது.
மிச்சமான தண்ணீர் எந்த லாரியில் ஏறியதோ,
எங்கள் தெருவில் வந்து ஹாரன் அடிக்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு சட்டை, இருநூற்று அறுபது.
இலை இல்லை, நார்க்கணக்கு இல்லை.
'சீக்கிரம் காயும்.' தகவல் அவ்வளவுதான்.
போன வருடம் அதைத்தான் வாங்கினேன்.
சொன்னபடி காய்ந்தது.
மூன்றாம் அமாவாசைக்கு அக்குளில் பிரிந்தது.
அதற்கு முந்தியதும், அதற்கு முந்தியதும்.

கேள்விப் பெட்டியில் தட்டினேன்:
தினம் ஆறு மணி நேரம் உப்புத் தண்ணி, தையல் தாங்குமா?
பாசி எந்தப் பாசி?
கம்பெனி இரவோடிரவாகப் பதில் போட்டது:
'அன்பு வாடிக்கையாளரே, எங்கள் பாசி முற்றிலும் இயற்கையானது.'
பிறகென்ன, பிளாஸ்டிக் பாசியா முளைக்கிறது கடலில்.

ஒன்பது நாள் கழித்து ஒரு பெண்,
பெயர் சுகந்தி, ஊர் பொள்ளாச்சி, எழுதியிருந்தார்:
'கடல்ல போட்டதில்ல. தினம் ஸ்கூட்டர், வெயில், வியர்வை.
ரெண்டு வருசமாச்சு. அக்குள்ல இரட்டைத் தையல்.
காலர் மட்டும் நைஞ்சிருக்கு, படம் பாருங்க.'
இரண்டு விரலால் அந்தக் காலரைப் பெரிதாக்கினேன்.
நூல் நூலாக,
பொய் சொல்லத் தெரியாத காலர்.
அன்றைக்குத்தான் பொத்தானை அழுத்தினேன்.

பாம்பன் டீக்கடைக்குப் பார்சல் வந்தது
மூன்று சுற்றுப் பிளாஸ்டிக்கில்.
மேலுறையைக் கிழிக்காமல் பிரித்தெடுத்தேன்,
வல்லத்தில் போனைச் சுற்றிவைக்க ஆகும்.

இது ஏழாவது அமாவாசை.
கழுத்துச் சீட்டில் இலை வெளுத்து எழுத்தும் போயிற்று.
இரவு யாரோ கேட்டிருந்தார்:
'உண்மையிலேயே பாசியில் செய்ததா?'
ஈர விரலுக்குத் திரை நகரவில்லை.
துடைத்துக்கொண்டு எழுதினேன்:
தெரியாது.
அக்குள் இன்னும் பிரியவில்லை.