கூட யாரு

தலைவலி என்று லீவு சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.
திசையன்விளை பங்கில் டேங்க் நிறைத்த பையன்
"உவரிக்காக்கா?" என்றான்.
ஆமா என்றேன்.
ஒரு பொய் சொன்னால் அடுத்தது சும்மாவே வரும்.

பக்கத்து இருக்கையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்.
ஊர் தாண்டவும் வண்டி கூவ ஆரம்பித்தது.
ஆள் உட்கார்ந்திருக்கு, பெல்ட் போடு என்கிறது.
தூக்கிக் கீழே வைத்திருக்கலாம்.
ஓரம் கட்டி
கேனுக்கு பெல்ட் போட்டுவிட்டேன்.

ஆடி மாதம்.
கொல்லாமரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து
ஒட்டுக் கேட்கிற மாதிரி நின்றன.
பிறகு அவையும் இல்லை.
தார் மட்டும்,
அதுவும் விட்டு விட்டு.

எட்டாம் வகுப்புப் பரீட்சையில்
குறிஞ்சிக்கு மலை, முல்லைக்குக் காடு என்று எழுதி
பாலைக்கு நேரே
தெரியாமல் ஒரு கோடு இழுத்து வைத்தேன்.
ரெண்டு மார்க் போனது.
வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்.
அந்தக் கோட்டின் மேல்தான் இப்போது
மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கிறேன்.

சிவப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.
மேகம் மூடினால் ஆட்டு ஈரல்.
விலகினால்
இமையை மூடிக்கொண்டு சூரியனைப் பார்க்கும்போது
உள்ளே தெரியுமே, அது.

கழுத்துவரை மண்ணில் ஒரு பனை.
இறங்கிப் போய், ஏறாமலே
குருத்தைத் தொட்டேன்.
எனக்காகக் குனிந்திருக்கிறது என்றுதான் முதலில் பட்டது.
நான்தான் அதன் உயரத்தில் நின்றிருந்தேன்,
நாற்பதடி மண்ணை மிதித்துக்கொண்டு,
செருப்போடு.

மேப்பில் நான் ஒரு நீலப் புள்ளி.
சுற்றிலும் எதுவும் எழுதவில்லை.
அங்கேயும் போன் அடித்தது.
"மாத்திரை போட்டியா?"
"போட்டாச்சு."
"என்ன அப்படி இரைச்சல்?"
"ஃபேன்."

அடுத்த வளைவில் சாலை மண்ணுக்குள் போய்விட்டது.
நானும் கூடவே போனேன்.
சக்கரம் சுழல, மண் பின்னால் பறக்க,
வண்டி நின்ற இடத்திலேயே
கீழ்நோக்கிப் பயணம் செய்தது.

மூக்கைச் சுற்றித் துண்டு, தோளில் மண்வெட்டி.
பேர் யேசுவடியான்.
சாலை வேலை, தினக்கூலி.
ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார்.
நாலு டயரிலும் காத்தைப் பாதி இறக்கச் சொன்னார்.
துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றி இறக்கினேன்.
ஒவ்வொன்றும் ஸ்ஸ்ஸென்று
கூட்டத்தில் யாரோ பேச்சை அடக்குவது போல.

"டெய்லி அள்ளணுமா?"
"இது நேத்து அள்ளுன மண்ணுதான்.
அந்தப் பக்கம் தள்ளிட்டுப் போவேன்,
ராத்திரியோட வந்துரும்.
மொகம் தெரியும் எனக்கு."
அவர் சிரிக்கவில்லை.
அதனால் நானும் குனிந்து
அந்த முகத்தைப் பார்த்தேன்.

"கூட யாரு வந்திருக்கா?"
கண்ணாடியில் கைவைத்து உள்ளே எட்டினார்.
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது கேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"நல்ல தொணைதான்," என்றார் கடைசியில்.
"ஏன் எதுக்குன்னு கேக்காது."

உடைமரத்தடியில், நாலு விரல் நிழலில்
கேனை இறக்கி வைத்தோம்.
அவர் குடித்தது ஒரே ஒரு வாய்.
மூடியை இறுக்கித் திருகி
மண்ணில் பாதி புதைத்து வைத்தார்,
காத்துக்குப் பறக்காமல்.

காத்துக் குறைந்த டயரில்
வண்டி மெத்தைமேல் நடக்கிற குழந்தை போலப் போனது.
பக்கத்து இருக்கை காலி.
வண்டி யாரையும் கேட்கவில்லை.

உவரிக்குத் திரும்பும் இடத்தில் கடல் வாடை வந்தது.
திரும்பியிருந்தால்
பங்குப் பையனுக்குச் சொன்னதாவது உண்மையாகியிருக்கும்.
நேரே போனேன்.
கண்ணாடியை இறக்கினேன்.
பல்லிடுக்கில் நறநறத்தது
நேற்றைய மண்.