எழுபத்தொரு கிலோமீட்டர்

ஒன்பதாவது வருடம்.
அதே அறை, மருத்துவமனையின் நூலகம்.
அலமாரிகளைச் சுவரோரம் தள்ளி
நடுவில் மேசைகளைச் சேர்த்திருக்கிறார்கள்.
ஒரு மேசைக்குக் கால் குட்டை.
யாராவது கை ஊன்றும்போதெல்லாம்
தண்ணீர்க் குடுவை லேசாக ஆடுகிறது.

ஐந்து பேர் குழு.
ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை,
ஒரு மனநல மருத்துவர், இரண்டு வக்கீல்கள்,
அப்புறம் பொதுமக்கள் சார்பில் ஒருவர்,
மூஸ் ஜாவில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிறாராம்.
அவர் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

எங்கே உட்காருவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.
இறந்தவரின் குடும்பத்துக்கு ஜன்னல் பக்கம் நாற்காலி.
நோயாளியின் குடும்பத்துக்கு எதிர்ப்பக்கம்.
இரண்டும் நான்தான்.
ஜன்னல் பக்கம் வெயில் இருந்தது, அங்கே உட்கார்ந்தேன்.

ஒஸ்டாப்பை அழைத்து வந்தார்கள்.
தம்பிக்கு நரை விழுந்துவிட்டது.
மருந்தில் உடம்பு ஊதி
அப்பாவின் சட்டையைப் போட்டவன்போல்,
இல்லை, அப்பாவாகவே நடந்து வந்தான்.
இதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள்.

மருத்துவர் படித்தார்:
இருபத்தெட்டு நாளைக்கு ஓர் ஊசி, ஒன்றும் தவறவில்லை.
குரல்கள் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுகிறார்.
துணையோடு ஊருக்குள் போய்க் காப்பி குடித்துத் திரும்புகிறார்.
சமையலறையில் காய் நறுக்க அனுமதி இல்லை,
அவரும் கேட்டதில்லை.

பொதுமக்களுக்குக் கணிசமான ஆபத்தா?
இந்த ஒரு கேள்விக்குத்தான் வருடாவருடம் கூடுகிறோம்.
கணிசம் என்றால் எவ்வளவு என்று
அப்பாவிடம் கேட்டிருக்கலாம்.
தானியக் கிடங்கில் எடை போட்டவர்,
அரைக் கிலோ பிசகியதில்லை.

அந்தக் காலையில் ஒஸ்டாப் கண்டது
அப்பாவை இல்லை. அவர் முகத்தைத் திருடி
மாட்டிக்கொண்டு வந்த வேறு எதையோ.
என்னைக் காப்பாற்றத்தான் அதைக் கொன்றதாகப்
போலீஸ் வண்டியிலும் சொல்லிக்கொண்டே போனான்.
பொறுப்பில்லை என்றது சட்டம்.
சரி.
பொறுத்துக்கொள் என்று என்னிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
செத்தவருக்கென்று ஒரு தட்டு வைப்பது எங்கள் வழக்கம்,
கோதுமையும் தேனும் கசகசாவும்.
நான் இரண்டு வைக்கிறேன்.
இரண்டாவது யாருக்கென்று என் மகள் கேட்டபோது
உப்பை எடுத்து வரச் சொன்னேன்.

இந்த முறை ஒஸ்டாப் கேட்டது விடுதலை இல்லை.
காகிதத்தைப் பார்க்காமல் சொன்னான்:
"அப்பாவின் கல்லறையை நான் பார்த்ததே இல்லை.
எனக்குப் போட்ட எல்லை அறுபது கிலோமீட்டர்.
அது வெளியே இருக்கிறது."

வரைபடம் தேடினார்கள்.
அரசு வக்கீல் எண்பது இருக்கும் என்றார்,
மருத்துவமனை வக்கீல் அறுபத்தைந்து என்றார்.
நேர்க்கோட்டிலா சாலை வழியாகவா என்று
டிராக்டர்காரர் கேட்டார்.

எழுபத்தொன்று, என்றேன்.

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.
ஒவ்வொரு வருடமும் இந்த அறையிலிருந்து
நேரே அங்கேதான் போகிறேன்.
கடைசி ஆறு சரளைச் சாலை. அதுவும் சேர்த்திதான்.

வாசிக்கக் கொண்டுவந்த இரண்டு பக்கம்
கைப்பையிலேயே இருந்தது.
"உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்றார் நீதிபதி.
குடுவை ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூரத்தைத்தான் சொன்னேன், என்றேன்.

காவல் தொடரும். அடுத்த ஆண்டு மீண்டும்.
எல்லை மட்டும் எழுபத்தைந்து, துணையோடு.
குறிப்பெடுப்பவர் அறுபதை அடித்து மேலே எழுதினார்.
துணை யார் என்ற இடத்தை
இப்போதைக்குக் காலியாக விட்டார்.

வெளியே சாலையை மறித்துப்
பொட்டாஷ் ரயில் போய்க்கொண்டிருந்தது.
நூறு பெட்டிக்கு மேல் எண்ணி விட்டுவிட்டேன்.
பக்கத்து இருக்கையில் கிடந்த பனிச்சுரண்டியை, கையுறையை,
மகளின் ஸ்கேட்டிங் காலணியை எடுத்துப்
பின்னால் போட்டேன்.
ரயில் போய் முடிந்தது.
மறுபடி ஒவ்வொன்றாக
முன்னாலேயே வைத்தேன்.