மூவாயிரத்து நூறில் ஒன்று

ஆட்டோவில் மைக் கட்டிப் போகிறவன் நான்.
திருமுல்லைவாசலிலிருந்து ஆனைக்காரன்சத்திரம் வரை
என் குரல் தெரியாத நாய் கிடையாது.
"கரையோர மக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால்,
முக்கொம்பில் ஒரு லட்சத்து இருபதாயிரம் கன அடி"
இவ்வளவு போதும்.
மாட்டை அவிழ்ப்பார்கள், மோட்டாரைக் கழற்றுவார்கள்,
திட்டுக் கிராமங்களில் அண்டா குண்டான் பரணேறும்.
தண்ணீர் வந்துசேர ஒன்றரை நாள்.
அந்த ஒன்றரை நாளை
வீட்டுக்கு வீடு பங்குபோடுவது என் பிழைப்பு.

நஸ்ரின் மிஸ் ஒரு தாளோடு வந்தார்.
சீர்காழியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவர்.
"வானத்தில் ஒரு கல், அண்ணே. கோயில் குளம் அளவு.
ஏழு வருஷம் கழித்து, ஒரு தை மாதம்.
விழலாம். மூவாயிரத்து நூறில் ஒரு வாய்ப்பு."
எங்கே?
உலகப் படத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள்.
பென்சில் தடிமனில் எங்கள் ஜில்லா மறைந்திருந்தது.

தாசில்தார் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் உத்தரவு ஏதும் இருக்குமோ என்று.
"சொன்னால் நாளைக்கே ஒருத்தனும் கடன் கட்டமாட்டான்.
மேலிடம் சொல்லட்டும்."
எவ்வளவு மேலே, சார்?
மிஸ்தான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

அன்றிரவு புதுமண்ணியாற்றுப் பாலத்தில்
ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு
வெறும் வாயால் சொல்லிப் பார்த்தேன்.
"அறிவிப்பது என்னவென்றால்" வரை சுத்தமாக வந்தது.
பிறகு?
மேட்டுக்குப் போங்கள் என்பதா?
இந்தப் பக்கம் மேடு என்றால்
வயலுக்கு மேல் ஒரு முழம், தார்ச்சாலை.
துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றுவது?
விதைநெல் வாங்காதே என்பதா,
வாங்கு, ஆனால் குறுகிய கால ரகம் வாங்கு என்பதா?

எனக்கு இரண்டு பாக்கி இருக்கிறது.
கடல் உள்ளே வந்த ஞாயிற்றுக்கிழமை
தொண்டை நன்றாக இருந்தது, பேட்டரியில் சார்ஜ் இருந்தது,
எவரும் என் கையில் ஒரு வாக்கியம் தரவில்லை.
நான்கு நாள் கழித்துத் தந்தார்கள்.
மறுபடி வருகிறது ஓடுங்கள் என்று
நானே கத்தினேன்.
வரவில்லை.
ஓட்டத்தில் விழுந்த தைலம்மைக்கு
இன்னமும் இடுப்பு நேராகவில்லை.

அவளிடம்தான் முதலில் சொன்னேன்.
கெளுத்தி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.
"மூவாயிரத்து நூறு சீட்டுல ஒண்ணு நம்ம பேரு. அதானே?
பேரு எழுதிப் போட்டவன்
எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா?"
செதில் கையை உதறினாள்.
"ஆனா மைக்குல சொல்லாத.
கேட்டுட்டு நிக்கத்தான் முடியும் அதுல.
நேரா வா. நாலு கேள்வி கேக்கணும்ல."

நாற்பத்திரண்டு வீடு நடந்தேன்.
இன்சூரன்ஸ் உண்டா என்றார்கள்.
பொண்ணு கல்யாணத்தை முன்னாடி வைக்கவா என்றார்கள்.
ஒரு பையன் கல்லுக்குப் பேர் கேட்டான்,
நம்பர்தான் இருக்கு என்றேன், முகம் சுருங்கிவிட்டது.
பரமேசுவரன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு
தென்னங்கன்று நடலாமா என்றார், காய்க்க ஏழு வருஷமாமே.
எவரும் ஓடவில்லை.
பதிலில்லாத கேள்வியை மிஸ்ஸுக்கு எழுதிக்கொண்டேன்.

நாற்பத்து மூன்றாம் வீட்டுப் படலில் கை வைத்தபோது
மிஸ்ஸின் போன்.
"பூஜ்யம், அண்ணே! புதுக் கணக்கு வந்துவிட்டது.
கோடு பூமியை விட்டே தள்ளிப் போய்விட்டது."

படலிலிருந்து கையை எடுத்துவிட்டு
திரும்ப நாற்பத்திரண்டு வீடும் நடந்தேன்,
வராது என்று சொல்ல.
இதற்குத்தான் இவ்வளவா என்று இருவர்.
கன்றை நட்டுவிட்டேனே என்று பரமேசுவரன்.
தைலம்மை எதுவும் சொல்லாமல்
இரண்டு கெளுத்தியை இலையில் கட்டித் தந்தாள்.

நாற்பத்து மூன்றாம் வீட்டு வேதவல்லி
மறுநாள் சந்தையில் வழிமறித்தாள்.
"ஊருக்கெல்லாம் ஏதோ சொன்னியாமே.
எங்களுக்கு ஏன் சொல்லல?"

அது வரலம்மா, விலகிப்போச்சு என்றேன்.

"அதைக் கேக்கல நான்."